குஞ்சு பொரித்தால் மட்டும் போதுமா?

நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய காட்சியைக் காண்கின்றோம். அறிவியல் விழா நெருங்குகின்றது என்றால், மின்சாரத்தில் இயங்கும் குஞ்சு பொரிப்பான் ஒன்று அறிவியல் அறையில் வந்து அமர்கின்றது. 12 முட்டைகள் அதனுள் அடுக்கப்படுகின்றன. 21ஆம் நாள் ஓடு விரிகின்றது. மாணவர்கள் ஆர்ப்பரிக்கின்றனர், ஆசிரியர் முகம் மலர்கின்றது, எடுத்த படம் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஏறுகின்றது, பாராட்டுச் சொற்கள் குவிகின்றன. எல்லாம் சரி. 30ஆம் நாள் அக்குஞ்சுகள் எங்கே?

இவ்வினாவை ஆசிரியர் பலரிடம் நான் தொடுத்ததுண்டு. "பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கொண்டு போய்விட்டனர்" என்றார் ஒருவர். "காவலாளி எடுத்துச் சென்றார்" என்றார் மற்றொருவர். "இரண்டே நாளில் செத்துப் போயின, ஐயா, குளிர் போலிருக்கின்றது" என்றார் வேறொருவர். அவர் அதனைச் சொன்ன முறையில் வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை. விழா முடிந்தது, பரிசு கிடைத்தது, குஞ்சுகள் மடிந்தன. அவ்வளவே.

இவ்வழக்கத்தைக் கண்டிக்கவே இக்கட்டுரை எழுதப்பெறுகின்றது. இதனால் பள்ளிக்கூடத்தில் கோழிக்கு இடமில்லை என்பது என் கட்சி என எவரும் எண்ணிவிடலாகாது. என் கட்சி அதற்கு நேர் எதிரானது. கோழி அடைகாத்துக் குஞ்சு பொரித்து அதனை வளர்த்து ஆளாக்கும் பாடத்தைப் போன்ற நிறைவான பாடம் தொடக்கப்பள்ளி மாணவனுக்கு வேறொன்று கிடைப்பது அரிது. ஆனால் பொரித்தல் அப்பாடத்தின் முதற்பாதியே. வளர்த்தல் அதன் மறுபாதி. முதற்பாதியை மட்டும் நடத்திவிட்டு ஏட்டை மூடுகின்ற ஆசிரியர் அரைப்பாடம் நடத்தியவர் அல்லர். தவறான பாடம் நடத்தியவர். குஞ்சு பொரிக்கத் துணிந்தவர் குஞ்சை வளர்க்கவும் துணிதல் வேண்டும். அதற்கு இயலாதவர் முட்டையைத் தொடாதிருத்தல் வேண்டும்.

பழிப்பாருக்கு ஒரு சொல்

"கோழியும் கூடும் தோட்டப்புறத்தோடு ஒழியட்டும், அதை விட்டு மீளத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றோம்" என்று கூறுவாரும் உளர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இக்குரலை அடிக்கடி கேட்கலாம். இக்குரலில் ஒரு நியாயமான வலி இருக்கின்றது. அதனை நான் எள்ளவில்லை. ஆயினும் அவ்வலி தவறான இடத்தில் பழி சுமத்துகின்றது.

லயத்து வீடுகளின் பின்புறத்தில் கோழிக்கூடு இல்லாத வீட்டைக் காண்பது அரிதாயிருந்த காலம் ஒன்றுண்டு. பால்மரம் சீவிக் கூலி வாங்கிய குடும்பத்திற்கு அக்கூடே சேமிப்புப் பெட்டி. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறும், வந்த விருந்தினருக்குக் குழம்பும், காவல் தெய்வத்தின் பூசைக்குச் சேவலும் அக்கூட்டிலிருந்தே வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது கோழிக்கூடு உடன் வரவில்லை, வரவும் இயலாது. ஆனால் கூட்டோடு சேர்ந்து ஓர் அறிவும் அங்கேயே விடுபட்டுப் போயிற்று. எந்தப் பெட்டை அடைக்கு அமரும், எந்த முட்டையை வைக்கலாம், எதனைக் கழிக்க வேண்டும், ஒரு கோழியின் வயிற்றுக்குக் கீழே எத்தனை முட்டை அடங்கும் என்பனவெல்லாம் நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். விளக்கொளியில் முட்டையை உயர்த்திப் பார்த்துக் கரு உண்டா இல்லையா என்று கூறினர். அவர்கள் எழுத்தறியாதவர்களாய் இருந்திருக்கலாம்; அறிவற்றவர்களாய் இருக்கவில்லை.

பாட்டிமார் விளக்கொளியில் கண்டதை உலகத்துப் பேரறிஞர்களும் காண முயன்றனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பேரறிஞர் அரிசுடாட்டில், முட்டைக்குள் கரு நாள்தோறும் வளரும் வகையை ஆராய்ந்து, மூன்றாம் நாளளவில் குருதிப் புள்ளியாய் இதயம் துடிப்பதை எழுதி வைத்தார். எகிப்து நாட்டார் பண்டைக் காலத்திலேயே களிமண் சூளைகளில் இளஞ்சூடு உண்டாக்கி ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்க வைத்தனர். அக்கலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், குஞ்சு பொரிக்கச் செய்யும் முறை பற்றி 1749ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். இவர்களெல்லாம் இழிதொழிலில் ஈடுபட்டோரா?

கோழியின் பிறப்பிடமும் நமக்கு அயலன்று. வீட்டுக் கோழியின் மூதாதையான செங்காட்டுக் கோழி இம்மலாய்த் தீபகற்பத்துக் காடுகளில் இன்றும் கூவித் திரிகின்றது. தாய்லாந்தின் நடுப்பகுதியில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1250 வரையிலான காலத்து எலும்புகளே ஐயத்துக்கு இடமின்றி வீட்டுக் கோழியினுடையவை என்று கருதத்தக்கவற்றுள் மிகப் பழையவை என 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. நெல் விளைந்த இடத்தில் சிந்திய மணிகளைத் தேடி வந்த காட்டுப் பறவையே வீட்டுப் பறவையாயிற்று என்பது அவ்வாய்வாளர் கருத்து. கோழியின் மஞ்சள் காலுக்கு அடிப்படையான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக் கோழியிடமிருந்து வந்தது என 2008இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. ஆக, நம் வீட்டு முற்றத்துக் கோழி ஒன்றில் மலாயாக் காடும் தமிழகத்துக் காடும் கலந்து நிற்கின்றன. இதனை மாணவனுக்குக் கூறாமல், 'கோழி ஒரு வீட்டுப் பறவை' என்ற ஒற்றை வரியோடு கட்டுரைப் பாடத்தைத் தொடங்கி முடிக்கின்றோம்.

பொருளியல் பக்கமும் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியைத் தடை செய்தது. சிங்கப்பூர்ச் சோற்றுக் கடைகள் கலங்கின. அவ்வாண்டின் இறுதியில் நம் நாட்டிலேயே முட்டைக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. தமிழகத்து நாமக்கல்லிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. அந்த நாட்களில், முட்டை எங்கிருந்து வருகின்றது என்று கேட்டால் 'பேரங்காடியிலிருந்து' என விடையிறுக்கும் பிள்ளைகளை நாம் வகுப்பில் வைத்திருந்தோம். இது பெருமைக்குரிய முன்னேற்றம் என்று எவரேனும் வாதிடுவரேல், அவரோடு வழக்காட எனக்கு விருப்பமில்லை.

ஓட்டுக்குள் நடப்பது

இனிப் பொரிப்பான் வாங்கிய பள்ளிகளின் பக்கம் வருவோம். இயந்திரம் வாங்கியதில் குற்றமில்லை. இயந்திரம் ஆசிரியரின் வேலையையும் செய்துவிடும் என்று நம்பியதே குற்றம்.

முட்டையைத் தேர்வதிலேயே முதற்பிழை நேர்கின்றது. கடையில் விற்கும் முட்டையை வைத்துவிட்டு 21 நாள் காத்திருக்கின்றனர். பண்ணைகளில் முட்டைக்கென வளர்க்கப்படும் பெட்டைகளோடு சேவல் விடப்படுவதில்லை. ஆதலின் அம்முட்டையில் கருவில்லை. சேவலோடு திரிந்த கோழியின் முட்டையே வேண்டும். அதுவும் மிகப் பெரிதாகவோ மிகச் சிறிதாகவோ, கீறலுற்றதாகவோ இருத்தலாகாது. இட்ட ஒரு வாரத்திற்குள் அதனை அடைவைத்துவிட வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அதற்கும் முன்னரே வைப்பது நன்று. ஏனெனில், ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே குளிர்ந்த இடத்தில் கரு உறங்குகின்றது. நம் அறைகளின் வெப்பமோ அதனினும் கூடுதல். அவ்வெப்பத்தில் கரு முழுதும் விழிக்காமலும் முழுதும் உறங்காமலும் அரைகுறையாய் வளரத் தொடங்கி மடிகின்றது. குளிர்பெட்டியின் கடுங்குளிரும் அதற்கு ஆகாது.

காற்றாடி பொருத்திய பொரிப்பானில் வெப்பம் 37.5 பாகை இருத்தல் வேண்டும். காற்றாடி இல்லாததாயின் முட்டையின் மேல்மட்டத்தில் சற்றுக் கூடுதலாக, 38.5 பாகையளவு வேண்டும். முதல் 18 நாட்கள் காற்றின் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு. கடைசி 3 நாட்கள் 65க்கு மேல். நாளொன்றுக்கு மூன்று முறையேனும் முட்டையைத் திருப்பிவிட வேண்டும். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். இவ்வளவும் இயந்திரத்தோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். ஆசிரியர் இதனைக் கரும்பலகையில் எழுதிப் போடுகின்றார், மாணவர் பார்த்தெழுதுகின்றனர். 'ஏன்?' என்ற வினா மட்டும் எழுவதில்லை.

ஏன் திருப்ப வேண்டும்? திருப்பாவிடின் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு ஊனமுறும். ஏன் ஈரப்பதம்? ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகளின் வழியே முட்டை மூச்சு விடுகின்றது, நீரையும் இழக்கின்றது. பொரியும் வேளைக்குள் அதன் எடையில் எட்டில் ஒரு பங்களவு குறைந்திருக்கும். நீர் மிகுதியாகப் போனால் குஞ்சு வறண்டு சவ்வோடு ஒட்டும். போதாமற்போனால் மொத்தை முனையிலுள்ள காற்றறை சிறுத்துப்போய்க் குஞ்சுக்கு முதல் மூச்சுக்கு இடமிராது. இவற்றை ஒரு தராசும் ஒரு கைவிளக்கும் கொண்டு மூன்றாம் ஆண்டு மாணவனே கண்டறியலாம். வாரமொரு முறை முட்டையை நிறுத்து எடையை எழுதுவது கணிதம். 7ஆம் நாள் இருட்டறையில் விளக்கொளியின் முன் முட்டையைப் பிடித்துச் சிலந்தி வலைபோல் பரந்த குருதி நாளங்களைக் காண்பது அறிவியல். கண்டதைக் கண்டவாறு எழுதுவது மொழி. இம்மூன்றையும் ஒரே முட்டை கற்பிக்கின்றது. இப்படிக் கற்பிக்காமல் கண்ணாடி மூடிக்குள் வேடிக்கை காட்டுவது பாடமாகாது, பொருட்காட்சியாகும்.

அவ்வேடிக்கையே உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. 20ஆம் நாள் குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு வாங்குகின்றது. பின்னர் அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டை உடைக்கத் தொடங்குகின்றது. முதற்கீறலிலிருந்து முழுவதும் வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்நேரத்தில் அது சோம்பியிருக்கவில்லை. ஓட்டின் உட்புறத்துக் குருதியை உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றது; எஞ்சிய மஞ்சட்கருவையும் வயிற்றுக்குள் ஏற்கின்றது. இதனை அறியாத ஆசிரியர், படமெடுக்க மூடியைத் திறக்கின்றார். உள்ளிருந்த ஈரக்காற்று வெளியேறுகின்றது. சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் இறுகுகின்றது. 'பாவம், வரமுடியவில்லை' என்று இரங்கி ஓட்டைப் பிய்த்துவிடுகின்றார் இன்னொருவர். குருதி பெருகிக் குஞ்சு சாகின்றது. அறியாத இரக்கம் கொலையாகும் என்பதை நாம் கற்பித்திருக்க வேண்டும், நாமே செய்துகாட்டுகின்றோம்.

பொரித்த பின் வரும் பொறுப்பு

உள்ளிழுத்த மஞ்சட்கரு குஞ்சுக்கு ஏறத்தாழ இரண்டு நாட்களுக்கு உணவாகும். ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியிலிட்டுத் தொலைதூரம் அனுப்ப முடிவது இதனாலேயே. விழா நாளன்று குஞ்சுகள் துள்ளி விளையாடுவதும் இதனாலேயே. மூன்றாம் நாள் அவை சோரும்போது விழா முடிந்திருக்கின்றது, கேட்பாரில்லை.

புதிதாய்ப் பிறந்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள வல்லதன்று. முதல் வாரம் அதற்கு 35 பாகைச் சூடு வேண்டும். பின்னர் வாரந்தோறும் 3 பாகையளவு குறைத்துக்கொண்டு வரலாம். நம் நாட்டில் நண்பகல் வெயிலே ஏறத்தாழ அவ்வளவு சூட்டைத் தந்துவிடுகின்றது. ஆதலின், 'இந்த வெயிலில் குஞ்சுக்கு விளக்கு எதற்கு?' என்று கேட்கின்றனர். நண்பகலை மட்டும் கண்டவர் கேட்கும் கேள்வி இது. மழை பெய்த இரவில் வெப்பம் 23, 24 பாகைக்கு இறங்குகின்றது. அந்நேரத்தில் பள்ளி பூட்டிக் கிடக்கின்றது. சிக்கனத்தின் பொருட்டு மின்சாரமும் நிறுத்தப்பட்டிருக்கின்றது. காலையில் கதவைத் திறந்தால் ஒன்றன்மேல் ஒன்றாய் முண்டி நசுங்கிக் கிடக்கும் குஞ்சுகளைக் காண்கின்றோம். அவற்றைக் கொன்றது குளிரன்று, நம் அக்கறையின்மை.

விளக்கு மாட்டுவோரும் இன்று ஒரு பிழை செய்கின்றனர். எல்.இ.டி. விளக்கில் ஒளி உண்டு. குஞ்சுக்குப் போதிய சூடில்லை. பழைய இழைவிளக்கோ, குஞ்சுகளுக்கென விற்கும் வெப்பவிளக்கோ வேண்டும். வெப்பமானியைவிட நம்பத்தக்க ஆசான் குஞ்சுகளே. விளக்கின் அடியில் ஒன்றோடொன்று நெருக்கிக் கீச்சிட்டால் குளிர். விலகி ஓடிச் சிறகு விரித்து வாய் பிளந்தால் வெப்பம் மிகுதி. பெட்டி முழுதும் பரவி மேய்ந்தும் உறங்கியும் இருந்தால் சரி. இதனைக் கண்டு விளக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் பத்து வயதுப் பிள்ளையால் இயலும், கற்றுக்கொடுப்பார்தாம் வேண்டும்.

பெட்டியில் செய்தித்தாளை மட்டும் விரித்தல் ஆகாது; வழுக்கிக் கால் விரிந்து முடமாகும். மரச்சீவலோ உமியோ பரப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாய் இருக்க, அதில் கூழாங்கற்களை இட வேண்டும்; இல்லையேல் குஞ்சு மூழ்கும். உணவு, புரதம் 20 விழுக்காட்டளவு கொண்ட குஞ்சுத் தீவனம். வெறுங்குருணை மட்டும் போதாது. நம்மவர் பண்டு குருணையோடு கறையான் புற்றையும் வெட்டிவந்து போட்டனரே, அது ஏன்? புரதம் என்ற சொல்லை அவர்கள் அறியாவிடினும் அதன் தேவையை அறிந்திருந்தனர். பரப்பிய உமி நனைந்து கிடந்தால் மூன்றாம் வாரத்தையொட்டி இரத்தக் கழிச்சல் தோன்றும். ஆகவே நாள்தோறும் அதனைக் கிளறி, ஈரமானதை அள்ளி எறிதல் வேண்டும்.

இத்தனை வேலையையும் ஒரு தாய்க்கோழி எவர் ஏவலும் இன்றிச் செய்கின்றது. அடைக்கு அமர்ந்ததும் வயிற்றுப்புறத்து இறகை உதிர்த்து வெறுந்தோலால் முட்டைக்குச் சூடு தருகின்றது. அலகால் முட்டைகளை ஓயாமல் புரட்டுகின்றது. நாளுக்கு ஒரு முறை இரை தேடவும் எச்சமிடவும் எழுந்து சிறிது நேரத்திலேயே திரும்புகின்றது. குஞ்சு ஓட்டுக்குள் இருந்து கீச்சிடும்போதே குரல் கொடுக்கின்றது. பொரித்த பின் சிறகுக்குள் அணைக்கின்றது. கிளறிக் காட்டி இரை பொறுக்கப் பழக்குகின்றது. பருந்தின் நிழல் கண்டால் எச்சரிக்கின்றது. ஆறு முதல் எட்டு வாரங்களில், இனித் தானே பிழைக்கும் என்ற நிலையில் கொத்தி விலக்குகின்றது. எப்போது அணைப்பது, எப்போது விலக்குவது என்று அறிந்த ஆசிரியர் நம்முள் எத்தனை பேர்?

இடமுள்ள பள்ளிகள் நாட்டு அடைக்கோழி ஒன்றனைக் கொண்டு இப்பாடத்தை நடத்துவதே சிறப்பு. 10 முட்டை போதும், மின்சாரம் வேண்டா. பொரிப்பான்தான் உண்டு என்றாலும், பொரித்த ஓரிரு நாட்குஞ்சுகளை இருட்டியபின் அடைக்கோழியின் சிறகடியில் மெல்லச் செருகிவிட்டால், பெரும்பாலும் அது தன் குஞ்சென்றே ஏற்றுக்கொள்ளும். இயந்திரத்தையும் தாய்மையையும் இவ்வாறு இணைப்பதில் தவறொன்றும் இல்லை.

'கூமுட்டை' என்னும் வசை

தமிழாசிரியர்களுக்கென்றே ஒன்று கூற விழைகின்றேன். அடைக்கோழி, அடைவைத்தல், அவயம், கொக்கரித்தல், கேறுதல், விடைக்கோழி, பஞ்சாரம் ஆகிய சொற்கள் இன்று எத்தனை மாணவர் வாயில் வாழ்கின்றன? 'பொரித்தல்' என்றால் நகரத்துப் பிள்ளைக்கு எண்ணெய்ச் சட்டிதான் நினைவுக்கு வருகின்றது. 'கோழி பொரித்தது' என்ற தொடரைப் படித்துவிட்டு, கோழி எதைப் பொரித்தது என்று வினவிய மாணவனை நான் அறிவேன். 'குஞ்சு பொறித்தது' என்று வல்லின றகரமிட்டு எழுதுவோர் தொகையோ பெரிது. நாம் சிவப்பு மையால் சுழித்து ஒரு புள்ளி குறைக்கின்றோம். பொரிவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அப்பிழை எளிதில் நேராது. பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் காட்டினால், சொல் நாவிலும் நில்லாது, ஏட்டிலும் நில்லாது.

ஆனால், ஒரு சொல்லை மட்டும் நம்மவர் மறக்கவில்லை. அது 'கூமுட்டை'. கணக்குப் பிழைத்த பிள்ளையை, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை, 'கூமுட்டை' என்று விளிக்கும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அவர்களை நோக்கி ஒன்று கேட்கின்றேன்: கூமுட்டை என்றால் யாது என்று நீவிர் அறிவீரா?

அடைவைத்தும் பொரியாமல் கெட்டுப்போன முட்டையே கூமுட்டை. அது ஏன் கெட்டது? கருவோடு இருந்த முட்டை பல நாள் வெப்பத்தில் கிடந்ததால் கெட்டிருக்கலாம். திருப்பப்படாமல் கெட்டிருக்கலாம். அடையினின்று கோழி நெடுநேரம் எழுந்து போனதால் கெட்டிருக்கலாம். கொள்ளளவுக்கு மீறி முட்டை வைத்ததால், ஓரத்தில் ஒதுங்கிய முட்டைக்குச் சூடு எட்டாமல் கெட்டிருக்கலாம். கோழி வளர்க்கும் எவரும் முட்டையைத் திட்டுவதில்லை. 'எங்கே தவறினோம்?' என்றே கேட்கின்றனர். கருவே இல்லாத முட்டையாயினும், அதனைத் தேர்ந்து வைத்தவர் பிழையேயன்றி முட்டையின் பிழையன்று. முட்டைக்கு நாம் காட்டும் இந்த நியாயத்தைப் பிள்ளைக்குக் காட்ட மறுக்கின்றோம். நாற்பது பிள்ளைகள் நெருங்கிய வகுப்பில் ஓரத்தில் ஒதுங்கியவனுக்கு நம் சூடு எட்டியதா? அவன் வீட்டு நிலை என்ன? அவனை நாம் ஒரு முறையேனும் திருப்பிப் பார்த்தோமா? இவ்வினாக்களுக்கு விடை கூறாதவருக்கு அச்சொல்லை வாயில் எடுக்க உரிமையில்லை.

தடை சொல்வார்க்கு விடை

'நேரமில்லை, சோதனை நெருங்குகின்றது' என்பது முதல் தடை. ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதன்பின் தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீட்டுக்கு முதன்மை தரப்பட்டது. செய்து கற்பதற்கு இதனினும் நல்ல காலம் எப்போது வரும்? அடைக்கு 21 நாள், வளர்ப்புக்கு 6 வாரம். ஏறத்தாழ 9 வாரங்களில் பாடம் முடிகின்றது. தேர்வு போயிற்று, தேர்வுக்கு அஞ்சிய மனம் மட்டும் போகவில்லை என்றால் யாரை நோவது?

'நோய் பரவும்' என்பது இரண்டாம் தடை. இத்தடையை நான் மதிக்கின்றேன். 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கிளந்தான் மாநிலத்துக் கிராமக் கோழிகளில் பறவைக் காய்ச்சல் காணப்பட்டது. வெள்ளைக் கழிச்சல் ஒரு கூட்டத்தையே துடைத்தெடுக்க வல்லது. நலமாகத் தோன்றும் குஞ்சும் சால்மொனெல்லா நுண்ணுயிரைச் சுமந்திருக்கலாம். ஆகவே கூட்டை உணவகத்திற்கு அருகே வைத்தலாகாது. குஞ்சைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் எப்பிள்ளையும் வகுப்பை விட்டுப் போகலாகாது. குஞ்சை முத்தமிடவும் விடலாகாது. கால்நடைச் சேவைத் துறையினரை நாடி முதல் வாரத்திலேயே தடுப்பு மருந்து இடவேண்டும். ஊராட்சி மன்றத்தின் விதியையும் கேட்டறிதல் வேண்டும். இவையெல்லாம் தடைகள் அல்ல, இவையும் பாடங்களே. கை கழுவக் கற்பிப்பது கல்வியில்லையா?

'பிறக்கும் சேவல்களை என்ன செய்வது?' என்பது மூன்றாம் தடை. இதுவே உண்மையில் கடினமானது. பொரிப்பவற்றுள் ஏறத்தாழப் பாதி சேவலாகவே இருக்கும். முட்டைப் பண்ணைத் தொழிலில் ஆண் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு; ஜெர்மனி 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அதனைச் சட்டத்தால் தடுத்துவிட்டது. நாட்டுக் கோழியை வளர்ப்போர்க்குச் சேவலும் பயன்படும். ஆதலின் நாட்டு இனத்தையே தேர்க. அடைவைக்கும் முன்னரே, வளர்ந்தவற்றை ஏற்றுக்கொள்ளும் இல்லம் எது, பண்ணை எது என்று எழுத்தில் உறுதி பெறுக. அவற்றுள் சில உணவாகும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைத்தல் வேண்டா. நாள்தோறும் கோழிக்கறி உண்ணும் பிள்ளையிடம் அவ்வுண்மையை மறைப்பதுதான் பொய்.

செய்ய வேண்டுவன

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஆசிரியராகப் போகும் இளையோருக்கும் என் வேண்டுகோள்கள் சிலவே.

அடைவைக்கும் நாளுக்கு முன்னரே வளர்ப்புப் பெட்டியும் விளக்கும் தீவனமும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். 21 நாள் என்பது சரியாக 3 வாரம். எந்தக் கிழமை வைக்கின்றோமோ அந்தக் கிழமையே பொரியும். ஆதலின் வார நடுவில் அடைவைத்து, விடுமுறையில் பொரியாதபடி பார்த்துக்கொள்க. இரவிலும் விடுமுறையிலும் குஞ்சுகளைக் காப்பார் யார் என்று முறை வகுத்துப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுக. குஞ்சுகளைப் பரிசுப் பொருள்போல் பிள்ளைகளிடம் பங்கிடாதீர். பத்தாம் மாடியில் வாழும் பிள்ளையிடம் ஒற்றைக் குஞ்சைக் கொடுத்தனுப்புவது பரிசன்று, தண்டனை. சாயம் பூசிய குஞ்சுகளை விளையாட்டுப் பொருளாய் விற்பாரைப் பள்ளி விழாக்களில் அனுமதியாதீர். இவை இயலாவிடில், 7ஆம் நாள் முட்டையை ஒளியில் காட்டும் படத்தை மட்டும் காட்டி அமைக. அதில் இழிவொன்றும் இல்லை.

அப்பனும் ஆத்தாளும் வெளிக்காட்டில் உழைத்த நாட்களில், பின்கட்டுக் கோழிக்கு இரையிட்டுக் கூட்டை அடைக்கும் பொறுப்பு பிள்ளைகளுடையதாய் இருந்தது. அப்பொறுப்பு அவர்களை மனிதராக்கிற்று. இன்றைய பிள்ளைக்கு அப்படியொரு பொறுப்பைத் தருவதற்குப் பள்ளியை விட்டால் வேறிடம் குறைவு. தன்னை நம்பி ஓர் உயிர் காத்திருக்கின்றது என்று அறிந்த பிள்ளை மறுநாள் பள்ளிக்கு மட்டம் போடமாட்டான். எந்த ஏடும் தரவியலாத ஊக்கம் அது.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்க ஆண்டுதோறும் வீடு வீடாய்ச் சென்று வேண்டுகின்றோம். முதலாண்டுப் பிள்ளைகள் மாலையணிந்து வரும் நாளில் படமெடுக்கின்றோம். அவர்களுள் கற்றலில் பின்தங்கியவனை ஆறாம் ஆண்டு வரை யார் காத்தார் என்று கேட்டால், குஞ்சுகளைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த அதே மௌனமே பல இடங்களில் விடையாகக் கிடைக்கின்றது. ஓட்டை விட்டு வெளியே கொண்டுவருவது 21 நாள் வேலை. உயிரோடு நிலைநிறுத்துவது அதற்கும் நெடிய வேலை. முன்னதற்குக் கைதட்டல் உண்டு, பின்னதற்கு இல்லை. கைதட்டல் இல்லாத அவ்வேலைக்கே அரசாங்கம் நமக்குச் சம்பளம் தருகின்றது.